தோதகத்தித் தூள்

அன்புள்ள ஆறுமுகத்துக்கு,

பையின் அடியில், பனியனுக்கும் போர்வைக்கும் நடுவே, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருப்பதை இந்நேரம் நீ பிரித்திருப்பாய். பிரித்ததும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டிருப்பாய் என்றும் நினைக்கிறேன். பயப்படாதே. அது தோதகத்தி மரம்தான், உன் மூக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் அது உன்னை ஒன்றும் செய்யாது. அவை அரத்துக்குப் போடும் கைப்பிடிகள். நீ இரும்பு வேலை படிக்கப் போகிற பட்டறையில் கொடுக்கிற அரங்களுக்குக் கைப்பிடியே இருக்காது, இருந்தாலும் வெடித்த கட்டையாக இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, உன் அப்பா இந்த ஒரு மாதமாகத் தச்சுக் கொட்டகைக்கு வெளியே பலாமரத்தடியில் உட்கார்ந்து அவற்றைச் செய்தார். நீ அந்தப் பக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. மாவு அரைக்க, மண்ணெண்ணெய் வாங்க, தபாலாபீசுக்கு என்று உன்னை ஓயாமல் ஏன் விரட்டிக்கொண்டே இருந்தேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன் அறையில் இருக்கும் மற்றப் பையன்கள் கேட்டால் அவர்களுக்கும் காட்டு. இது நன்றி சொல்லும் கடிதம். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலேயே வாயால் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீயும் நானும் எப்படிப்பட்டவர்கள் என்று நமக்குத் தெரியாதா? கோயம்புத்தூருக்குப் போகிற பிள்ளைக்கு வண்டிப்பெரியார் ஸ்டாண்டில் ஒவ்வொரு தாயும் என்னவெல்லாமோ சொல்லி அழுவதைப் பார்த்திருக்கிறேன். நான் "பாத்துப் போ" என்றேன். நீ "சரிங்க" என்றாய். குமுளி பஸ் திருப்பத்தில் மறையும் வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, உன் அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால்தான் எனக்குப் பேச்சு வரும். அது உனக்குத் தெரியும், அதனால் நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய்.

பாலக்காட்டுப் பக்கத்து நல்லேப்பிள்ளியிலிருந்து நான் இந்த மலைக்கு வந்தபோது எனக்கு வயது பத்தொன்பது, உனக்குப் பத்து. உன் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் அப்பாவும் தச்சர்தான் என்றாலும் வயற்காட்டுத் தச்சர். ஏர், வண்டி, நுகத்தடி என்று வாகையிலும் வேலமரத்திலும் வேலை செய்பவர். எஸ்டேட் பங்களாவுக்கு மேஜை நாற்காலி செய்கிற தச்சர் மாப்பிள்ளை என்றதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு அந்தப் பெருமை எதுவும் இல்லை. சித்தூர் வாசகசாலையிலிருந்து எடுத்துப் படித்து, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் திருப்பிக் கொடுத்த புத்தகங்களைத்தான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். சொந்தமாக இருந்த நாலைந்தை மட்டும் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அவற்றில் பாதி துப்பறியும் கதைகள். அவை பின்னால் எனக்கு உதவிய விதத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் "ஏனுங்க" என்றுதான் தொடங்குவோம். இங்கே எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. வந்த அன்றே நான் வாயைத் திறந்ததும் லயத்தில், அந்த எஸ்டேட் வரிசை வீடுகளில் எல்லாம், சிரிப்பு. நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முகத்தைக் கூடக் காட்டாமல், "ஏனுங்க, எனக்குப் பசிக்குதுங்க" என்றாய். அடுத்த வீட்டில் இருக்கும் உன் அத்தை, அப்பாவின் அக்கா, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அதட்டினார்: "ஏலே, ஒழுங்கா சித்தின்னு கூப்பிடுலே. ஏனுங்கவாம் ஏனுங்க! பாலக்காட்டுக் கலெக்டரா வந்திருக்கு?" நீ சித்தி என்றும் கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவில்லை. கேலிக்குச் சொன்ன அந்த "ஏனுங்க"வே நிலைத்துவிட்டது. அந்த வீட்டில் எனக்கு முதலில் கிடைத்த பெயர் அதுதான். முதல் சில மாதங்கள் அது முள்ளாகத்தான் குத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று அந்த மணையைப் பற்றி. நீ தினமும் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பு மணைதான். உன் அப்பா தன் முதல் கல்யாணத்துக்காகத் தோதகத்தியில் செய்தது. உன் அம்மா அதில் உட்கார்ந்துதான் தாலி கட்டிக்கொண்டார். என் கல்யாணத்துக்கும் அதையேதான் எடுத்துப் போட்டார்கள். அதில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் உட்கார்ந்ததும் வேறு ஏதோ தோன்றியது. பலகை அவ்வளவு வழவழப்பாக, கொஞ்சம் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. எண்ணெய் தொட்டுத் துணியால் ஒருத்தி வருடக்கணக்காகத் துடைத்து வைத்த பலகை அப்படித்தான் இருக்கும். உன் அம்மாவை நான் பார்த்ததில்லை. அவருடைய கையை எனக்குத் தெரியும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மரத்தை நான் தெரிந்துகொண்டது அந்த முதல் மழைக்காலத்தில், அவசரநிலைக்கு மூன்று நான்கு வருடம் முன்னால். பழைய துரை ஊருக்குப் போய் புதிய மானேஜர் வந்திருந்தார். பங்களாவுக்குப் புதிதாகச் சாப்பாட்டு மேஜை வேண்டும் என்று, எஸ்டேட்டுக்குள் காற்றில் சாய்ந்து, பாரஸ்டுக்காரர்கள் வந்து முத்திரை அடித்து, அனுமதியெல்லாம் வாங்கி வருடக்கணக்காகக் கொட்டகையில் கிடந்த மரத்தை அறுக்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஈட்டி என்போம், மலையாளத்தில் வீட்டி, உன் அப்பா வழியில் தோதகத்தி. யார் நிலத்தில் முளைத்தாலும் சர்க்காருக்குச் சொந்தமான மரம், அதனால் சின்னத் துண்டைக்கூட யாரும் வீணாக்குவதில்லை. அறுத்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு நான் அசந்து நின்றேன். கத்தரிக்காய்த் தோலின் ஊதா, புளியின் பழுப்பு, நடுவில் மை கொட்டியது போல் கறுப்புக் கோடுகள். ஓரத்தில் வெளிறிய சதை. அது பூச்சிக்குத்தான், அதைக் கழித்துவிட வேண்டும். உள்ளே இருக்கிற வைரம்தான் மரம். சில நாள் காற்றுப் பட்டதும் அந்த நிறங்களெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி ஒரே இருட்டாகிவிடும். வாள் சூடேறும்போது பன்னீரும் பழைய வெல்லமும் கலந்தது மாதிரி ஒரு வாசனை கொட்டகையை நிறைத்து லயம் வரைக்கும் வரும்.

உன் அப்பா அதிகம் பேசாதவர், ஆனால் அந்த மரத்தைப் பற்றிக் கேட்டால் பேசுவார். கையில் ஒரு துண்டைக் கொடுத்து, "கல்லு மாதிரி இல்ல?" என்பார். ஒரு பட்டையில் ரேகை இந்தப் பக்கம் ஓடும், அடுத்த பட்டையில் அந்தப் பக்கம் ஓடும். இழைப்புளியை ஒரே திசையில் தள்ளினால் ஒரு விரல் அகலம் கண்ணாடி மாதிரி வரும், அடுத்த விரல் அகலம் பிய்ந்து எழும். அதனால் பலகையைத் திருப்பித் திருப்பிப் போட்டு, இழைப்புளி வாயைத் திரும்பத் திரும்பச் சாணை பிடித்து, பொறுமையாகத்தான் போக வேண்டும். ஆணியை நேராக அடித்தால் ஆணி வளையும், முதலில் துளை போட்டுக்கொள்ள வேண்டும். மரத்திலேயே எண்ணெய் இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது, காடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகித்தான் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் உலர்த்தினால் வெடித்துவிடும். இத்தனைக்கும் ஈடாக, வார்னிஷ் எதுவும் வேண்டாமல், ஒரு சொட்டு எண்ணெயும் பழந்துணியும் போட்டால் அது தானே மின்னும். புது ஊருக்குப் போகிற உனக்கு இதையெல்லாம் புத்திமதியாக மாற்றிச் சொல்லலாம். மாற்றாமலே சொல்கிறேன். உனக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்.

நீ பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டகைக்கு ஓடுவாய். அந்த வருடம் ஓணத்துக்குப் பள்ளிக்கூடத்தில் அத்தப்பூக் கோலப் போட்டி. மழையில் பூ கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் மரத்தூளுக்குச் சாயம் ஏற்றிக் கொண்டுவர, நீ மட்டும் சாயமே ஏற்றாத ஊதாத் தூளை ஒரு பிஸ்கட் டின் நிறைய அள்ளிக்கொண்டு போய் நடு வட்டத்தை நிரப்பினாய். பரிசும் வந்தது. மூன்றாம் நாள் உன் கண்ணிமை வீங்கி, கழுத்தெல்லாம் சிவந்து, முழங்கை மடிப்பில் தடித்துப் போயிருந்தது. உன் அத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்திருக்கா. நிலையில வேப்பிலையச் சொருகு. தாளிச்சுக் கீளிச்சு வச்சிராத, ஆமா." இந்த மழை மலையில் வேப்பமரம் ஏது? கம்பத்திலிருந்து காய்கறி கொண்டுவரும் லாரிக்காரரிடம் சொல்லி வேப்பிலை வரவழைத்தோம். உன்னை இலை மேல் படுக்க வைத்தோம். நீ கொட்டகைப் பக்கம் போகவில்லை, ஆகவே சரியாயிற்று. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

தீபாவளி கழிந்து மேஜை வேலை மும்முரமாக நடக்கும்போது மறுபடியும் வந்தது. மறுபடியும் லாரி, மறுபடியும் வேப்பிலை. இந்தத் தடவை உன் அத்தையின் குரல் மாறியிருந்தது. "ஒருவாட்டி வந்தா மறுவாட்டி வரமாட்டாளே அவ. இந்த வீட்டுல என்னமோ பிடிக்கல அவளுக்கு. உலையக் கொதிக்க விட்டுட்டுப் புஸ்தகத்த விரிச்சா சாமி எப்பிடித் தங்கும்?" அவர் கெட்டவர் இல்லை, ஆறுமுகம். தன் தம்பி மகனுக்காகப் பயந்தார். பயந்தவருக்குப் பக்கத்தில் கிடைத்தது நான். தை மாதம், மேஜைக்கு ஏற்ற நாற்காலிகளை உன் அப்பா இழைத்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் தடவையும் உனக்கு வந்தது. கண்ணே திறக்க முடியவில்லை உனக்கு. அத்தை உன் தாய்மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். கம்பம்மெட்டில் ஏலக்காய் வாங்கி விற்கிற உன் மாமா, நாலைந்து நாள் கழித்து ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு வந்து இறங்கினார். நல்ல மனிதர். வந்ததும் என்னைப் பார்த்து "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டார், பிறகு உன் அப்பாவிடம், "மச்சான், பயலை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்ல நாலு பிள்ளைக கெடக்கு, அஞ்சாவதா இவனும் கெடக்கட்டும். அக்கா மகனை இப்பிடிப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல" என்றார். உன் அப்பா தலை குனிந்திருந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலை பஸ்ஸுக்கு உன்னை அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

துப்பறியும் கதைகள் உதவியது அப்போதுதான். அந்தக் கதைகளில் எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். நானும் உன் உடம்பைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா வீட்டை ஒட்டிய குழாயடிக்குப் போனபோது பின்னாலேயே போய்ச் சொன்னேன். "ஏனுங்க, ஒண்ணு சொல்லட்டுங்களா? இது அம்மை இல்லீங்க. தோதகத்தித் தூளுங்க. பனியன் மூடியிருக்கற எடத்துல ஒண்ணு கூட இல்லீங்க. கழுத்து, முழங்கை மடிப்பு, கண்ணு மேல, எல்லாம் வேர்வை நிக்கற எடங்க. மூணு தடவையும் நீங்க அந்த மரத்துல கை வெச்சதுக்கு அப்பறம்தானுங்க வந்துது." அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். "எங்கப்பா அந்தத் தூளுக்குள்ளயே பொறந்து அந்தத் தூளுக்குள்ளயே போனவரு. எனக்கு ஒரு தும்மல் கூட வந்ததில்ல. எம் மவன மட்டும் கடிக்குமாக்கும்? மரத்துக்கு என்ன பல்லா இருக்கு?" அந்தக் கோபத்தை நான் அப்புறம்தான் புரிந்துகொண்டேன். ஆத்தா வருவது ஒரு வீட்டுக்குக் கௌரவம்கூட. தான் சோறு தின்கிற மரமே தன் பிள்ளையைச் சுடுகிறது என்பதை எந்தத் தச்சன் உடனே ஒப்புக்கொள்வான்?

சத்தம் கேட்டு உன் அத்தை வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கத்தவில்லை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "சரி. அப்போ அந்த மணை? அதுவும் தோதகத்திதான? நாளும் பொழுதும் அதுலதான் குந்தித் திங்கான். குண்டியில ஒரு தடிப்பு உண்டா? சொல்லு தாயி, படிச்சவளே." நியாயமான கேள்வி. நான் படித்த எந்தக் கதையிலும் அவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. "தெரியலீங்க, மதினி" என்றேன். "தெரியாதுல்ல? அப்போ சும்மா இரு" என்று போய்விட்டார். லயத்து வீட்டுச் சுவரெல்லாம் பலகைத் தடுப்புதானே, குழாயடியில் பேசுவது உள்ளே கேட்கும். நீ உள்ளே வேப்பிலை மேல் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்கு அது தெரியாது.

அன்று சாயங்காலம், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, நீ அடுக்களை வாசலில் வந்து நின்றாய். வீக்கம் வற்றி முகம் தெளிந்திருந்தது. "ஏனுங்க, ஒரு துண்டு வேணும். குளிருது" என்றாய். கொடுத்தேன். மணையையும் எடுத்துக்கொண்டு போனாய். போகப் போகிற பிள்ளை, தன் அம்மாவின் மணையோடு கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். உன் சட்டைகளை மடித்து மாமாவின் பையில் வைக்கச் சொன்னார்கள். மடித்தேன். ஒவ்வொரு சட்டையிலும் அந்த வெல்லவாசனை இருந்தது. துவைத்தும் போகாத வாசனை.

காலையில் மாமா வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். அத்தை உனக்குத் திருநீறு பூச வந்தார். நீ இடது கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாய். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சிவந்து தடித்து, முருங்கைக்காய் முண்டு மாதிரி வீங்கியிருந்தது. வலது கையையும் நீட்டினாய். அது சுத்தமாக இருந்தது. "மாமா, ஆத்தா ஒத்தக் கையிலயா வருவா?" என்று கேட்டாய்.

மாமா திகைத்தார். அத்தை விடவில்லை. "அவ எங்க வேணும்னாலும் வருவா. அவளுக்கு என்ன ரூலா போட்டிருக்கு?"

"அப்போ நான் எங்க தேச்சேனோ அங்க மட்டும் எப்பிடி அத்தே வந்தா?" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினாய். உள்ளே ஊதாத் தூள். "இந்த எடது கையில ஈரத்தோட தூளத் தேச்சேன். இந்த வலது கைய மணை மேலயே வச்சுப் படுத்திருந்தேன். மணை ஒண்ணும் செய்யல. தூளுதான் செய்யுது. நீங்க கேட்டீங்கள்ல, அதான்."

முதலில் அசைந்தது உன் அப்பாதான். அவர் வந்து உன் இடது கையைப் பிடித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். எத்தனை மரத்துண்டுகளை அப்படி முகர்ந்து இது இன்ன மரம் என்று சொல்லியிருப்பார்! அந்தக் கையை விட்டுவிட்டு, குழாயடிக்குப் போய், தன் கைகளைத் தோள்வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பிறகு சட்டையையும் கழற்றி அலசினார். மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையிலிருந்த உன் சட்டைகளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "மருமகனே, நீ வக்கீலுக்குப் படிடா. ஆனா எங்கூட வரமாட்டேன்னு நேராச் சொல்லியிருக்கலாம்ல? கையப் புண்ணாக்கணுமா?" நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஏலக்காய் வாசமே ஆகாது மாமா" என்றாய். அவர் போகும்போது ஒரு பொட்டலம் ஏலக்காய் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை அதைத் தட்டிப் போட்டு நான் வைத்த பாயசத்தை நீ மூன்று தடவை வாங்கிக் குடித்தாய். ஏலக்காய் வாசம் ஆகாத பிள்ளை!

ஏன் அப்படிச் செய்தாய் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் நீ இன்னொரு ஏலக்காய்க் கதை சொல்லியிருப்பாய். இந்தக் கொட்டகையை விட்டுப் போக மனமில்லாமல் இருந்திருக்கலாம், பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களுக்காக இருக்கலாம், உன் அம்மாவின் வீடு இது என்பதற்காக இருக்கலாம். எனக்காகவும் கொஞ்சம் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டதில்தான் நான் இந்த வீட்டில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினேன். பத்து வயதுப் பிள்ளை நீ, உன் கையைப் புண்ணாக்கிக்கொண்டு, ஊரே என் மேல் சாய்த்த பழியைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாய். அதற்கு நன்றி. இவ்வளவு வருடமாக இதைச் சொல்ல நான் வார்த்தை தேடவில்லை. அதைச் சொல்லும் அளவுக்கு ஒரு தூரம்தான் நமக்கு நடுவே இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

உன் அத்தைக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்காவிட்டால் நீ மணையைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டாய். நாங்களும் பயந்துபோய் வீட்டிலிருந்த தோதகத்தி எல்லாவற்றையும் வெளியே எறிந்திருப்போம். இப்போதும் அவர் வேப்பிலை வாங்கித்தான் வைக்கிறார். ஆனால் தடிப்பு என்றால் முதலில், "என்னத்தத் தொட்ட?" என்று கேட்கிறார். உன் அம்மாவுக்கும் சொல்ல வேண்டும். மணை உன்னைக் கடிக்காமல் இருந்ததற்கு அவர் வருடக்கணக்காகத் துடைத்து ஏற்றிய வழவழப்பும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அவர் விட்ட இடத்திலிருந்து நானும் வெள்ளிதோறும் துடைத்து வருகிறேன். உன் கல்யாணத்துக்கு அது தயாராக இருக்கும்.

உன் அப்பாவைப் பற்றி மட்டும் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றிலிருந்து அவர் ஒரு நாளும் வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வந்ததில்லை. மழையோ பனியோ, குழாயடியில் குளித்துவிட்டு, கொடியில் தொங்கும் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உன் பக்கத்தில் உட்காருவார். நீ அதை அவருடைய சுத்தம் என்று நினைத்து வளர்ந்தாய். உன் கையில் உளியைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், உன்னை இரும்பு வேலை படிக்க வைக்க யார் யாரையோ போய்ப் பார்த்தார். கைப்பிடி செய்கிறேன் என்று அவர் சொன்னபோது, "தோதகத்தி எதுக்குங்க, பலாவுல செய்யலாமில்லீங்களா?" என்று கேட்டேன். "இரும்புக்குப் போறான். உள்ளங்கையில படுறதாவது நம்ம மரமா இருக்கட்டும்" என்றார். மணை அறுத்த பலகையின் மிச்சத்தில் செய்தது. வழவழப்பாக்கி, தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட்டு, மறுபடி துடைத்து, தூள் என்று ஒரு பொட்டுக்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டார். கடைசியில் துணியில் சுற்றும் முன் நான் ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சும்மா கிடக்காமல் பொள்ளாச்சி வழியாக நல்லேப்பிள்ளிக்குப் போய் வா. எங்கள் அப்பா உனக்கு நெல் வயலைச் சுற்றிக் காட்டுவார், ஏர் செய்கிற வாகை மரத்தைப் பற்றி ஓயாமல் பேசுவார், கேட்டுக்கொள். ஒரு விஷயம். அங்கே "ஏனுங்க" என்று யாரையும் கூப்பிடாதே. கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். தவிர, அது என் பெயர். ஊரில் எத்தனை பேர் வைத்திருந்தாலும் நீ கூப்பிட்டது என்னை மட்டும்தான்.

பட்டறையில் இரும்புத்தூள் இருக்கும், கையைக் கழுவாமல் சாப்பிடாதே. எது உன் உடம்புக்கு ஆகவில்லையோ அதை அங்கே இருப்பவர்களிடம் வாயைத் திறந்து சொல், கையில் தேய்த்துக் காட்டாதே. கைப்பிடியை அரத்தில் ஏற்றும்போது நேராக வைத்துப் பார்த்து ஏற்று. துளையை உன் அப்பா அளவாகப் போட்டிருக்கிறார். நீ அதைப் பெரிதாக்கப் போகாதே. மாதம் ஒரு தடவை ஒரு சொட்டு எண்ணெய், பழைய துணி, அவ்வளவு போதும். நாளானால் எங்காவது சொரசொரப்பாகும், கீறல் விழும். அப்போது மட்டும் அதன் மேல் உப்புத்தாள் போடாதே. கூட இருக்கும் பையன்களையும் போட விடாதே. அதே துணியில் சுற்றி இங்கே கொண்டு வா. அப்பா பலாமரத்தடியில் உட்கார்ந்து தேய்த்துக் கொடுப்பார். நீ வீட்டுக்குள் மணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிரு. தூளை நான் கூட்டிக்கொள்கிறேன்.

உன்,
ஏனுங்க